செக்போஸ்டுகளின் சரித்திரம்

2008 அக்டோபரில் வெளிவந்த 'ஃபார் க்ரை 2' பற்றி அதை ஆடியவர்களிடம் கேட்டால் இரண்டு பதில்தான் வரும். "அந்த செக்போஸ்ட் தொல்லை தாங்கல, பாதியிலேயே விட்டுட்டேன்" என்பது ஒன்று. "அதுக்கப்புறம் அப்படி ஒரு ஆட்டம் வரவே இல்ல" என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆள் அடுத்தடுத்துச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். பாளையங்கோட்டையில் நான் கேம் சென்டர் வைத்திருந்த காலத்தில் இந்த வழக்கு கடையில் தினசரி நடந்தது. இரு தரப்பையும் கேட்டுக் கேட்டு எனக்கும் ஒரு கருத்து உண்டாகிவிட்டது. திட்டியவர்கள் திட்டியதெல்லாம் நியாயம்தான். ஆனால் திறந்தவெளித் துப்பாக்கி ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று எங்கள் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தொல்லைதான்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையில் தெரிய, நம் கண்ணாலேயே பார்த்துச் சுடும் ஆட்டங்கள் 1993-ல் 'டூம்' வந்த நாளிலிருந்து பெரும்பாலும் சுவர்களுக்குள்தான் நடந்தன. ஒரு நடை, ஒரு கதவு, அடுத்த அறை. அதை வெட்டவெளிக்குக் கொண்டு வந்தவர்களில் செக் நாட்டின் போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் 2001-ல் கொடுத்த 'ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயின்ட்' ஆட்டத்தில் முழுத் தீவே திறந்து கிடக்கும். எங்கிருந்து யார் சுட்டான் என்று தெரியும் முன்பே ஆள் காலி. ஒரு மிஷனுக்கு ஒரே ஒரு முறைதான் சேவ் செய்யலாம். அந்த ஒன்றை எப்போது செலவழிப்பது என்று யோசிப்பதே பாதி ஆட்டம்.

2004-ல் ஜெர்மனியின் க்ரைடெக் நிறுவனம் முதல் 'ஃபார் க்ரை'யைக் கொண்டு வந்தது. வெப்பமண்டலத் தீவு, நீலக் கடல், புதருக்குள் பதுங்க இடம். பைனாகுலரில் ஒருவனைப் பார்த்துவிட்டால் அவன் ரேடாரில் புள்ளியாகப் பதிந்துவிடுவான். முதலில் பார், எண்ணிக்கொள், பிறகு சுடு என்ற பழக்கம் எங்கள் பையன்களுக்கு இதில்தான் ஊறியது. அடுத்த வருடம் கீவ் நகரத்து டீப் ஷேடோஸ் நிறுவனம் 'பாய்லிங் பாயின்ட்' என்ற பெயரில் 625 சதுர கிலோமீட்டர் தென்னமெரிக்கக் காட்டையே கொடுத்தது. காடு பெரிது, பிழைகள் அதைவிடப் பெரிது. மர உச்சி உயரத்தில் ஒரு ஜாகுவார் மிதந்து போகும் பிழையைச் சரிசெய்துவிட்டோம் என்று அந்த ஆட்டத்தின் பேட்ச் குறிப்பில் அவர்களே எழுதியதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

2007 மார்ச்சில் அதே கீவிலிருந்து ஜிஎஸ்சி கேம் வேர்ல்டின் 'ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில்' வந்தது. 1986-ல் அணு உலை வெடித்த நிஜமான இடத்தை நேரில் போய்ப் படமெடுத்து வந்து செய்த ஆட்டம். கண்ணுக்குத் தெரியாத பொறிகள் நிலமெங்கும் கிடக்கும். பையிலிருந்து இரும்பு போல்ட் ஒன்றை எடுத்து முன்னால் வீசி, அது எங்கே சிதறுகிறது என்று பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். சுடும் ஆட்டத்தில் சுடாமல் நடக்கக் கற்றுக் கொடுத்தது இது.

இந்த வரிசையில்தான் 'ஃபார் க்ரை 2' வருகிறது. பெயரின் உரிமை அதற்குள் யூபிசாஃப்ட் கைக்குப் போயிருந்தது. மான்ட்ரியால் ஸ்டுடியோவில் கிளின்ட் ஹாக்கிங் தலைமையில் செய்தார்கள். தீவையும் பழைய கதாநாயகனையும் தூக்கி எறிந்துவிட்டு, பெயர் சொல்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் கதையை வைத்தார்கள். ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் காடும் பாலைவனமும். உள்நாட்டுப் போரில் இரண்டு அணிகள். இரண்டுக்கும் ஆயுதம் விற்கும் ஜாக்கல் என்பவனைத் தேடி நாம் போகிறோம். போனவுடனேயே மலேரியா பிடித்துக்கொள்கிறது. சண்டை நடுவே கண் மங்கும், மாத்திரை விழுங்க வேண்டும். துப்பாக்கி துருப்பிடிக்கும், சிக்கும், சில சமயம் கையிலேயே வெடித்துச் சிதறும். மேப் பார்க்க ஆட்டம் நிற்காது. ஜீப் ஓட்டிக்கொண்டே மடியில் விரித்த காகிதத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

இத்தனையையும் பொறுத்துக்கொண்டவர்கள்கூட ஒரு விஷயத்தில் பொறுமை இழந்தார்கள். அதுதான் செக்போஸ்ட். சாலைச் சந்திப்புகளிலெல்லாம் இரண்டு தகரக் கொட்டகை, ஒரு ஜீப், நாலைந்து ஆட்கள். எந்த அணிக்கு வேலை பார்த்தாலும் சரி, சண்டை நிறுத்தம் உள்ள ஊரைத் தாண்டிவிட்டால் எல்லோரும் நம்மைத்தான் சுடுவார்கள். கஷ்டப்பட்டு எல்லோரையும் வீழ்த்திவிட்டுப் போய் வேலையை முடித்துத் திரும்பினால் அதே இடத்தில் அதே கூட்டம், புதுத் தோட்டாக்களோடு. "அண்ணே, இப்பத்தானே இவனுவள கொன்னேன்? எங்கிருந்துண்ணே வாரானுவ?" என்று என்னிடம் நியாயம் கேட்பார்கள், நான்தான் ஆளனுப்பியது போல.

என் கடையில் இதை ஓட்டக்கூடிய கார்டு போட்ட கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருந்தது. மற்றதிலெல்லாம் கவுன்ட்டர் ஸ்ட்ரைக். அதனால் ஒருவன் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆட, நாலு பேர் நாற்காலிக்குப் பின்னால் நின்று ஆலோசனை சொல்வார்கள். அடுத்தவன் உட்காரும்போது முந்தியவன் படித்த பாடம் அவனுக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் ஒற்றை வரிகள்.

"செத்தவன் துப்பாக்கிய எடுக்காத." எதிரியிடம் கிடைப்பதெல்லாம் துருப்பிடித்த சரக்கு, நெருக்கடியான நேரத்தில் சிக்கும். வைரக்கல் கொடுத்து ஆயுதக் கடையில் ஒரு முறை வாங்கிவிட்டால், பிறகு கிடங்கில் புதிதாக எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரி தெரியாமல் ஆட்டத்தை மூடியவர்கள் ஏராளம்.

"ஜீப் தொரத்துனா ஓடாத." ஓடினால் பின்னாலேயே வந்து இடித்துக்கொண்டே இருப்பான். வண்டியை நிறுத்தி, பின்னால் பொருத்திய மெஷின்கன்னில் ஏறித் திரும்பிச் சுட்டால் சீக்கிரம் முடிந்துவிடும்.

"ரோடு வேண்டாம், ஆறு போதும்." படகில் போனால் பாதித் தொல்லை மிச்சம். தூரமென்றால் பஸ் நிலையம். மேப்பின் மூலைகளிலும் நடுவிலும் பஸ் நிற்கும், ஏறினால் நேரே அடுத்த மூலை. முதல் வாரத்தில் பஸ் ஏறுவதைக் கோழைத்தனம் என்று கேலி செய்தவர்களே பிறகு பஸ்ஸுக்காக நடந்தார்கள்.

"கான்வாய் வட்டம் அடிக்கும்." ஆயுத வியாபாரிக்காக லாரி வரிசையை அழிக்கும் வேலைகள் உண்டு. துரத்திப் போகிறவன் சாவான். அது ஒரே பாதையில் சுற்றிச் சுற்றி வரும் என்று கண்டுபிடித்தவன், வழியில் குண்டை வைத்துவிட்டுப் புதரில் உட்கார்ந்திருப்பான்.

நன்றாக ஆடத் தெரிந்தவன் ஒரு செக்போஸ்டை எடுப்பதைப் பின்னாலிருந்து பார்க்க வேண்டும். எங்கள் கடையில் பாலிடெக்னிக் பையன் ஒருவன் இருந்தான். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவான். மேட்டில் குனிந்து ஒற்றைக்கண் தொலைநோக்கியை எடுத்து, தோட்டாக் குவியல் எது, மருந்துப் பெட்டி எங்கே, கோபுரத்தில் ஸ்னைப்பர் இருக்கிறானா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மேப்பில் பதிய விடுவான். பிறகு புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பான். இந்த ஆட்டத்தில் நெருப்புக்குக் காற்று உண்டு, காய்ந்த புல்லில் பற்றினால் காற்றடிக்கும் திசையில் பரவும். காற்று போகும் பக்கம் செக்போஸ்ட் இருக்குமாறு சுற்றி வந்து ஒரு பெட்ரோல் குண்டை வீசுவான். புல் எரிந்து கொட்டகையைத் தொடும், தோட்டாக் குவியல் வெடிக்கத் தொடங்கும். உள்ளே இருப்பவர்கள் புகைக்குள் கத்திக்கொண்டு ஓடும்போது ஒருவனைக் காலில் மட்டும் சுடுவான். விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் வருவான். அந்த இன்னொருவனுக்காகத்தான் அவன் காத்திருப்பது. "எலே, கொடூரமா இருக்குலே" என்பான் பக்கத்தில் நிற்பவன். கொடூரம்தான். ஆட்டத்தைச் செய்தவர்களும் அதை மறைக்கவில்லை. அடிபட்டுக் கிடக்கும் நம் தோழனுக்கே மார்ஃபின் ஊசியை அளவுக்கு மீறிப் போட்டு முடித்துவைக்கும் கட்டம் அதில் வரும்.

இப்படி ஆடியவர்கள் நாளாக நாளாகத் தங்களுக்கே விதி போட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் எங்கு வேண்டுமானாலும் எஃப் 5 தட்டி சேவ் செய்யலாம். மின்வெட்டுக் காலம் என்பதால் நிமிடத்துக்கு ஒரு முறை தட்டுகிறவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பார்த்து, பாதுகாப்பு வீட்டில் படுக்கும்போது மட்டும்தான் சேவ் என்று சிலர் சபதம் எடுத்தார்கள். கடல் கடந்தும் இதே புத்தி ஓடியிருக்கிறது. ஆஸ்திரேலியரான பென் ஆபிரகாம் 2009-ல் ஒரே உயிர் என்ற விதியோடு இந்த ஆட்டத்தை ஆடினார். செத்தால் முற்றிலும் முடிந்தது, திரும்ப ஏற்றுவது கிடையாது. அந்த ஒரு வாழ்க்கையைப் படங்களோடு நூற்றுக்கணக்கான பக்கங்களில் எழுதி 'பெர்மனன்ட் டெத்' என்று வெளியிட்டார். ஒரு ஆட்டத்தை ஒருவர் எப்படி ஆடினார் என்பதற்கு அவ்வளவு நீண்ட ஆவணம் இருப்பது அபூர்வம். பாடாய்ப்படுத்தும் ஆட்டமாக இருந்ததால்தான் அதில் எழுத அத்தனை விஷயம் இருந்தது.

2012 கடைசியில் 'ஃபார் க்ரை 3' வந்தது. திட்டியவர்கள் அத்தனை பேரின் மனுவும் ஏற்கப்பட்டிருந்தது. மலேரியா இல்லை, துரு இல்லை. கதை நடக்கும் ரூக் தீவுகளில் செக்போஸ்டுக்குப் பதிலாக 34 அவுட்போஸ்ட். ஒன்றைப் பிடித்துவிட்டால் நிரந்தரமாக நம்முடையது. கொள்ளையர் திரும்பி வரமாட்டார்கள். கேமராவில் ஒருவனைப் பார்த்துவிட்டால் பிறகு சுவருக்குப் பின்னால் போனாலும் தெரிவான். அலாரத்தை அறுத்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் முடித்தால் கூடுதல் புள்ளி. புதுத் தந்திரங்கள் ருசியானவை. கல்லை எறிந்து காவலாளியை நகர்த்துவது, அம்பில் ஒவ்வொருவராக எடுப்பது, எல்லாவற்றையும்விட, கூண்டின் பூட்டைச் சுட்டு உள்ளே இருக்கும் புலியை அவிழ்த்துவிட்டுத் தூரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது. கடையில் கைத்தட்டலே விழுந்தது.

ஆனால் நோட்டில் எழுதுவது குறைந்துவிட்டது. எந்த வழியாகப் போவது, எங்கே படகை மறைப்பது என்று யாரும் பேசவில்லை, போகும் வழி இனி ஆபத்தில்லை என்பதால். எல்லா அவுட்போஸ்டையும் பிடித்து முடித்தவன் காலியான தீவில் சுற்றிச் சுற்றி வந்து, "அண்ணே, சுடுறதுக்கு ஆளே இல்லண்ணே" என்றான். உலகமெங்கும் அதே புலம்பல் எழுந்திருக்க வேண்டும். பிறகு வந்த பேட்ச் ஒன்றில் அவுட்போஸ்டுகளைப் பழையபடி எதிரிகளிடமே ஒப்படைத்துவிட்டு மறுபடி பிடிக்கும் வசதியைக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகான வரலாறு இந்த இரண்டு புகார்களுக்கு நடுவே ஊசலாடிய வரலாறுதான். 2014-ல் இமயமலை அடிவாரத்துக் கற்பனை நாட்டில் நடக்கும் 'ஃபார் க்ரை 4', பிடித்த அவுட்போஸ்டைத் திரும்பத் திரும்ப ஆடிப் புள்ளியை உயர்த்த இடம் கொடுத்தது. அவ்வப்போது எதிரிகள் வந்து அதைத் தாக்கவும் செய்தார்கள். இன்னொரு பக்கம், மேப்பைத் திறக்க ரேடியோ கோபுரம் ஏறி ஏறி அலுத்துப்போனோம் என்று ஆட்டக்காரர்கள் கத்தியதில், 2018-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஒரு பாத்திரமே, ஊரெல்லாம் கோபுரம் ஏற உன்னை அனுப்பமாட்டேன், கவலைப்படாதே என்ற பொருளில் கிண்டலாகச் சொல்கிறது. 2019-ன் 'நியூ டான்' கடைசிப் படியை எடுத்தது. அதில் நாம் பிடித்த அவுட்போஸ்டைச் சரக்குக்காக நாமே கைவிடலாம். எதிரிகள் முன்னைவிடப் பலத்தோடு வந்து உட்காருவார்கள், மறுபடி பிடிக்க வேண்டும். 2008-ல் தலைவலி என்று தள்ளப்பட்டது 2019-ல் ஆட்டத்தின் சிறப்பம்சமாகப் பெட்டியில் போட்டு விற்கப்பட்டது. ஒரே வித்தியாசம், இப்போது எதிரி வருவது நாம் கூப்பிட்டால்தான்.

அந்த வித்தியாசத்தில்தான் என் தீர்ப்பு நிற்கிறது. கூப்பிட்டால் வரும் எதிரிக்கு எதிராகத் திறமை காட்டலாம், வழி தேட வேண்டியதில்லை. கூப்பிடாமல் வருகிறவன்தான் காற்றையும் ஆற்றையும் பஸ் நிலையத்தையும் படிக்க வைக்கிறான். ஆட்டக்காரர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தால் ஆட்டம் சுகமாக இருக்கும், அதில் எழுதி வைக்க ஒன்றும் மிஞ்சாது. எந்தப் பாகத்தையும் மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. மூன்றாம் பாகத்தின் புலியை இன்றும் ரசிப்பேன்.

'ஃபார் க்ரை 2' இன்றும் கம்ப்யூட்டருக்கு விற்பனையில் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் வைரத்தைச் சேர்த்து நல்ல துப்பாக்கி ஒன்று வாங்குங்கள், சாலையை விட்டு ஆற்றில் போங்கள், செக்போஸ்டைக் கண்டவுடன் சுடாமல் புல் சாயும் திசையைப் பாருங்கள். முதல் சில மணி நேரம் திட்டத்தான் செய்வீர்கள். திட்டிக்கொண்டே ஆடுங்கள்.