பம்பாயில் பதநீர்

வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், இரவில் உறைபனியும் பகலில் இளவெயிலுமாகப் பருவம் மாறும் மார்ச் மாதத்தில் மேப்பிள் மரத்தைத் துளையிட்டுச் சாறு இறக்குவது வசந்தத்தின் வரவாகக் கருதப்படுவது போல, திருநெல்வேலிச் சீமையின் தேரிக்காடுகளில் தை, மாசி மாதங்களில் பனையேறி பாளை சீவத் தொடங்குவதே வேனிற்பருவத்தின் முதல் அறிகுறியாக இருந்தது. மேப்பிள் பாகு 1 லிட்டர் கிடைக்கச் சுமார் 40 லிட்டர் சாற்றைக் காய்ச்ச வேண்டும். பனஞ்சாறு இயல்பிலேயே பல மடங்கு இனிப்பானது என்பதால் அதற்கு அவ்வளவு விறகு செலவாவதில்லை.

பாளை என்பது பனையின் பூங்கொத்து. அதை மரக்கடிப்பால் நசுக்கி, நுனியை நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, சொட்டும் சாற்றைக் கலயத்தில் பிடிப்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காமல் பதநீராகவே நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். பதநீரைப் பெண்கள் அகன்ற பாத்திரத்தில் காய்ச்சி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. இதில் கடினமானது மரமேறுவது மட்டுமன்று, வெயிலிலும் அடுப்பருகே நிற்கும் அந்தப் பெண்களின் வேலையும்தான், அதைப் பேசுவோர் குறைவு.

பம்பாய்த் தீவிலும், இன்றைய தாராவிக்கு அடுத்துள்ள மாகிமின் தென்னந்தோப்புகளில், பண்டாரி என்ற மராத்தியச் சாதியினர் தென்னையிலும் பனையிலும் ஈச்சமரத்திலும் சாறு இறக்கினர். அது பெரும்பாலும் கள்ளாகவே விற்கப்பட்டது. 1878ஆம் ஆண்டின் பம்பாய் ஆப்காரிச் சட்டம், அதாவது மதுவரிச் சட்டம், இத்தொழிலை அரசின் உரிமத்துக்கும் வரிக்கும் உட்படுத்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தாராவிக்கு வந்த திருநெல்வேலித் தமிழர் பலர் தோல் பதனிடுவதை நாடினரேயன்றிப் பாளை சீவுவதை அங்குத் தொடரவில்லை. அவர்களுக்குக் கருப்பட்டி ஊரிலிருந்து வரும் பண்டமானது.

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் கள்ளைத் தடுத்தபோது, புளிக்காதவாறு பக்குவப்படுத்திய கலத்தில் இறக்கிய சாற்றை 'நீரா' என்று தனியாக வரையறுத்தது. பனையேறியின் அறிவு அரைகுறையாகவேனும் சட்டப் புத்தகத்தில் ஏறிய அரிய இடம் இது. 1957இல் நிறுவப்பட்டு மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட கதர் கிராமத் தொழில் ஆணையம் நீராவையும் பனைவெல்லத்தையும் கிராமத் தொழில்களாக ஊக்குவித்தது. மும்பையின் இரயில் நிலையங்களை ஒட்டிய சிறு கடைகளில் நீரா விற்பனை நடப்பதற்கு இடமளித்தது அந்த வரையறையே.