முதுமையின் மேல் போட்ட பழி

வயதானால் சிறுநீரை அடக்க முடியாது, அதற்கு ஒன்றும் செய்ய இயலாது என்ற தீர்ப்பு நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. உடலின் செல்களும் மூப்படைகின்றன என்று அறிவியலே சொல்லும் இக்காலத்தில் அதற்குப் புதிய வலுவும் சேர்ந்ததுபோல் தோன்றும். ஆனால் முதியோர் மருத்துவம் பிறந்த கதையைப் படித்தால், அந்தத் தீர்ப்புக்கும் அறிவியலுக்கும் தொடர்பே இல்லை என்பது விளங்கும். செல்லின் மூப்பைப் பற்றி யாரும் அறியுமுன்பே, நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் வழங்கப்பட்ட தீர்ப்பு அது.

1935-இல் மேற்கு லண்டனின் ஐல்வர்த்தில் இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பிரிவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அங்கிருந்த 714 படுக்கைகளின் பொறுப்பு மருத்துவர் மார்ஜரி வாரனிடம் வந்தது. பக்கவாதம் கண்டவர்களும் மறதி நோயாளிகளும் வெறுமனே தளர்ந்தவர்களும் ஒரே வார்டில், இனி எழமாட்டார்கள் என்ற முடிவோடு கிடத்தப்பட்டிருந்தார்கள். வாரன் ஒவ்வொருவரையும் பரிசோதித்தார். சிறுநீரை அடக்க முடியாதவர்களைத் தனி வகையாகப் பிரித்தார். படுக்கையை விட்டு எழுப்பி நடக்கப் பழக்கினார். பலர் வீடு திரும்பினார்கள், தேவைப்பட்ட படுக்கைகளும் வெகுவாகக் குறைந்தன. 1943-லும் 1946-லும் மருத்துவ இதழ்களில் எழுதிய கட்டுரைகளில், முதியோருக்குப் பொது மருத்துவமனையிலேயே தனிப் பிரிவு வேண்டும் என்று அவர் வாதிட்டார். சிகிச்சையின்றிக் கிடத்திப்போட்டால் மனம் சோர்ந்து, உடல் முடங்கி, சிறுநீர்க் கட்டுப்பாடும் போய்விடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. முதுமையின் விளைவென்று எண்ணியதில் பெரும்பங்கு படுக்கையின் விளைவாக இருந்தது.

அதே ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்கள் செல்லைப் பற்றி நம்பியது, வார்டின் இந்தத் தீர்ப்புக்கு நேர் எதிரானது. நியூயார்க்கில் அலெக்சிஸ் காரெல் 1912-இல் தொடங்கிய கோழிக்கரு இதயத் திசு வளர்ப்பைக் காட்டி, உடலுக்கு வெளியே செல்கள் முடிவின்றிப் பிரியும் என்றே அறிவியலாளர்கள் எண்ணினார்கள். 1961-இல்தான் பிலடெல்பியாவில் லியனார்டு ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும், இயல்பான மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். செல்லுக்கு மூப்பில்லை என்று அறிவியல் சொன்ன காலத்திலேயே, வார்டு முதியவரைக் கைவிட்டிருந்தது. ஆகவே கைவிடலுக்குக் காரணம் அறிவியல் அல்ல. பழக்கமும் பணமும் ஆள் பற்றாக்குறையும்தான்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். வாரன் குணப்படுத்தியது புறக்கணிப்பின் தீங்கைத்தானே, மூப்பையா என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் ஒருவரிடம் எது மூப்பு, எது புறக்கணிப்பு என்று பரிசோதிக்குமுன் பிரித்தறிய வழியேயில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது. வயது ஏறஏறச் சிறுநீர்ப்பைத் தசையின் சுருங்கும் ஆற்றல் குறைகிறது, இரவில் சுரக்கும் சிறுநீரின் பங்கு கூடுகிறது. முதிர்ந்த செல்கள் திசுக்களில் சேர்ந்து அழற்சியைத் தூண்டுகின்றன. இவற்றை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் மூப்படைந்த சிறுநீர்ப்பை உள்ள எல்லாருக்கும் சிறுநீர் கசிவதில்லை. கசிவு, நேரத்தில் எழுந்து கழிப்பறையை அடைய முடிகிறதா என்பதையும் பொறுத்தது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பெருத்த புராஸ்டேட், தளர்ந்த இடுப்புத்தளத் தசை, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை, மூட்டுவலி ஆகிய ஒவ்வொன்றும் கசிவைத் தூண்டலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்யலாம், சரியாகாததைத் தணிக்கலாம்.

முதிர்ந்த செல்களை அகற்றும் மருந்துகள் சிறுநீர்ப்பைக்கான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை. அவை வரட்டும், வரவேற்போம். அதுவரை செல்லின் மூப்பைக் காரணம் காட்டி ஒரு முதியவருக்குப் பரிசோதனையை மறுப்பது, ஏழையர் விடுதியின் பழைய தீர்ப்புக்கு அறிவியலின் முத்திரையைக் குத்துவதாகும். டயப்பரோ சிறுநீர் வடிகுழாயோ நிரந்தரமாக எழுதித்தருமுன் காரணத்தைத் தேடுவது மருத்துவரின் கடமை. தேடச் சொல்லிக் கேட்பது முதியவரின் உரிமை.