கவனக்குறைவு என்னும் பெயர்: வயதுவந்தபின் வரும் நோயறிதல் பற்றி ஒரு விசாரணை

கவனக்குறைவு என்ற சொல் தமிழில் நெடுங்காலமாக ஒரு குற்றத்தின் பெயராகவே வழங்கி வருகிறது. பேருந்து கவிழ்ந்தால் ஓட்டுநரின் கவனக்குறைவு, கணக்கில் பிழை நேர்ந்தால் குமாஸ்தாவின் கவனக்குறைவு என்று எழுதும்போது, செய்யக்கூடியதைச் செய்யாமல் விட்டவன்மீது சுமத்தும் பழியையே அச்சொல்லால் குறிக்கிறோம். அதே சொல்லை முன்னே தாங்கிய 'கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு' என்னும் பெயரை, அதாவது மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்று சுருக்கி வழங்குவதை, நாற்பது வயதில் முதன்முறையாகத் தமது மருத்துவச் சீட்டில் காணும் ஒருவர் அதில் விடுதலையைக் காண்பாரா, பழைய தீர்ப்பின் மறுபதிப்பைக் காண்பாரா என்பதே இங்கு விசாரணைக்குரிய விஷயம்.

நோயையும் பழியையும் கலக்கும் இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1798-இல் ஸ்காட்லாந்து வைத்தியர் அலெக்சாண்டர் கிரைட்டன், மனக்கோளாறுகளைப் பற்றிய தமது நூலில் அவதானத்துக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கி, ஒரு பொருளில் நிலைக்க இயலாத மனம் சிலருக்குப் பிறவியிலேயே அமைவதுண்டு என்று பழி கற்பிக்காமல் எழுதினார். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, 1902-இல், லண்டனில் சொற்பொழிவாற்றிய ஜார்ஜ் ஸ்டில், புத்திக்குறைவற்ற குழந்தைகளிடம் தாம் கண்ட இத்தகைய நிலையை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே வர்ணித்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1968-ஆம் ஆண்டுக் கையேடு இதைக் குழந்தைப் பருவத்துக்குரியதாகவும் வாலிபத்தில் பெரும்பாலும் தணிவதாகவும் கொண்டது. 1976-இல் யூட்டாவில் பால் வெண்டரும் சகாக்களும் வயதுவந்தோரை ஆராய்ந்து அக்கருத்தை அசைத்தார்கள். எனினும், பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்ற விதி அக்கையேட்டில் 2013-இல்தான் வந்தது.

அதே விதி, சில அறிகுறிகளேனும் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆகவே மருத்துவர் தாயாரை விசாரிக்கிறார். பழைய மதிப்பெண் அட்டை கிடைக்குமா என்று கேட்கிறார். 'புத்திசாலி, ஆனால் முயற்சி போதாது' என்று அதில் ஆண்டுதோறும் எழுதப்பட்டிருக்கும் வாக்கியம், எழுதிய ஆசிரியர் அறியாமலே ஒரு நோய்க்குறிப்பாகி விடுகிறது. கடைசி வரிசையில் அமர்ந்து, யாருக்கும் தொந்தரவின்றி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமிக்கு அந்த வாக்கியமும் கிடைத்திருக்காது. இவ்விஷயத்தில் ஐயத்துக்கும் இடமுண்டு: 1972-73-இல் நியூசிலாந்தின் டனீடனில் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைத் தொடர்ந்து கவனித்தவர்கள், 38 வயதில் இக்குறைபாடு உடையவராகத் தோன்றியோரில் பத்தில் ஒன்பது பேருக்குக் குழந்தைப்பருவத்தில் அது இருக்கவில்லை என்று 2015-இல் அறிவித்தார்கள். உறக்கமின்மை, மனச்சோர்வு, போதைப்பழக்கம் முதலியவற்றை விலக்கிப் பார்க்காத நோயறிதல் அவசரமானது என்பதே என் அபிப்பிராயம்.

சரியாக அறியப்பட்ட நோயில் குறைவது கவனம்தானா? சதுரங்கத்திலோ சங்கீதத்திலோ ஆறு மணி நேரம் மெய்ம்மறந்திருப்பவர், மின்கட்டணம் செலுத்த ஆறு வாரம் இயலாமல் தவிக்கிறார். பார்ப்பவர்கள் இதையே சான்றாக்கி, மனமிருந்தால் முடியும் என்கிறார்கள். இக்குறைபாட்டை ஆராய்ந்த உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வற்புறுத்துவது யாதெனில், இங்கே பழுதுபட்டிருப்பது அறிவன்று, அறிந்ததை உரிய வேளையில் செய்யும் திறன் என்பதாகும். அப்படியானால் உபதேசத்தால் பயனில்லை. அறிந்தவருக்கே அதை மீண்டும் அறிவிப்பதாகத்தான் அது முடியும். செய்ய வேண்டிய இடத்தில், செய்ய வேண்டிய கணத்தில் புறத்தேயிருந்து துணை வேண்டும்: கண்ணெதிரே கடிகாரம், வாசற்படியில் மறுநாளைய பை, துண்டு துண்டாகப் பிரித்த வேலை, பக்கத்தில் சும்மா அமர்ந்திருக்க ஒரு நண்பர். மெதில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்குக் கணிசமாக உதவுகின்றன. மருந்துண்டும் அறிகுறி நீங்காதவர்களுக்கு, இத்தகைய ஏற்பாடுகளைப் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சை, தளர்வுப் பயிற்சியைவிட மேலான பலன் தந்ததாக ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் 2010-இல் காட்டினார்கள்.

இந்த நோயறிதல் சாக்குக்கு வழிசெய்யாதா என்று கேட்பார் உண்டு. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் நாளை மறந்தவருக்கு நோய் இருந்ததால் அவர் மனைவியின் காத்திருப்பு குறைந்துவிடவில்லை. அவர் தீயவர் அல்லர் என்பதே நோயறிதலால் தெளிவது, இனி நினைவை நம்பாமல் குறிப்பேட்டை நம்பும் கடமையோ அன்றுமுதல் அவருடையது.

நூறு விஷயங்களை ஒருங்கே மனத்தில் தாங்கிய செய்குத்தம்பிப் பாவலரைச் சதாவதானி என்று கொண்டாடிய மொழி இது. அப்பட்டத்தில் உள்ளதும் இலங்கைத் தமிழர் இன்றும் நாள்தோறும் புழங்குவதுமான அவதானம் என்ற சொல் நம் கைவசம் இருக்க, நோயாளியைக் கூண்டில் நிறுத்தும் பெயரை நீடிக்க விடுவானேன்? கலைச்சொல் வகுக்கும் அறிஞர்கள் 'அவதானக் கோளாறு' என்ற பெயரைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.