எரிஞ்ச தாங்கியும் செத்துப்போன டிஸ்க்கும்

சீனக்குடாக் காட்டுக்குள்ள நிக்கிற எண்ணெய்க் குதங்களை அறியாத திருகோணமலை ஆக்கள் இல்லை. பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டியவை. இண்டைக்கு 99 தாங்கிகள் எண்டு கணக்கு. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 லங்கா ஐஓசியிடம், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 ரெண்டும் சேர்ந்த கம்பனியிடம். 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின அண்டைக்கு 91ஆம் இலக்கத் தாங்கி எரிஞ்சது. ஒரு விமானமே அதில வந்து விழுந்தது எண்டும், ஏழு நாள் தீ அணையேல்லை எண்டும் சொல்லுவினம். 800 ஏக்கருக்கு மேல தள்ளித்தள்ளிக் கட்டியிருந்ததால மற்றத் தாங்கிகள் தப்பின. ஆனால் எரிஞ்ச எண்ணெய் எரிஞ்சதுதான். பக்கத்துத் தாங்கிகளை எவ்வளவு அளந்தாலும் அது திரும்பி வராது.

கணினித் தரவு அப்படியில்லை. ஒரு டிஸ்க் செத்தால், உயிரோட இருக்கிற டிஸ்க்குகளைப் படிச்சே செத்ததில் இருந்ததைத் திருப்பி எழுதலாம். இது எப்படி வந்தது எண்ட கதையைத்தான் இங்க சொல்லப்போகிறோம்.

1980களில் பெரிய நிறுவனங்களின் தரவு ஐபிஎம் 3380 மாதிரி அலுமாரி அளவு டிஸ்க்குகளில் இருந்தது. அதே நேரம் தனிநபர் கணினிகளுக்கு 100 மெகாபைட் கொள்ளளவில் சின்ன, மலிவான டிஸ்க்குகள் வரத் தொடங்கின. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி காற்ஸ் மூண்டு பேரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பெரியது ஒண்டுக்குப் பதிலா மலிவானதை வரிசையா அடுக்கினால் என்ன எண்டு கேட்டது அந்தக் கட்டுரை. அதுக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'ரெய்ட்'. அந்தப் பெயரில் முதலில் 'மலிவான' எண்டிருந்த சொல் பிறகு 'சுயாதீனமான' எண்டு மாறிப்போனது. விக்கிற ஆக்களுக்கு மலிவு எண்ட சொல் பிடிக்கேல்லைப் போல.

பிரச்சினையை அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியா 30,000 மணித்தியாலம் உழைக்கும். 100 டிஸ்க்கை அடுக்கினால் ஏதோ ஒண்டு 300 மணித்தியாலத்துக்குள்ள, அதாவது ரெண்டு கிழமை முடிய முதலே விழும். எல்லாத்துக்கும் ஒவ்வொரு பிரதி வைக்கலாம், ஆனால் செலவு இரட்டிப்பு. அங்கதான் 'பரிற்றி' வருகிறது. மூண்டு டிஸ்க்குகளில் 1, 0, 1 எண்டு இருக்கு எண்டு வையுங்கோ. நாலாவதில, ஒண்டுகளின் மொத்த எண்ணிக்கை இரட்டையா வரும்படி ஒரு இலக்கம் எழுதவேணும். ஏற்கெனவே ரெண்டு ஒண்டு இருக்கிறதால இங்க 0. இப்ப முதலாவது டிஸ்க் செத்துப்போனால் மிஞ்சுவது 0, 1, 0. ஒற்றையா நிக்குது. அப்ப செத்ததில் இருந்தது 1தான். அவ்வளவுதான் மந்திரம். இதையொத்த ஏற்பாட்டுக்கு ஐபிஎம்மின் நோர்மன் ஊச்சி 1978இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். பெர்க்லிக்காரர் செய்தது அதை ஒழுங்குபடுத்தி, பெயர் வைத்து, உலகத்தை நம்பவைத்தது.

ஆனால் திருப்பி எழுதுகிற அந்த நேரம்தான் பயங்கரம். பெரிய டிஸ்க் எண்டால் அது மணிக்கணக்கு, சிலவேளை நாள்க்கணக்கு. அவ்வளவு நேரமும் மிச்ச டிஸ்க்குகள் எல்லாம் முழுசா வாசிக்கப்படவேணும். சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 12.5 டெராபைட் வாசிச்சால் ஒரு இடம் வாசிக்க முடியாமல் போகலாம் எண்ட அளவுக்குத்தான் உத்தரவாதம் இருக்கும். நாலு டெராபைட் டிஸ்க் நாலு வைச்சிருக்கிற ஆள் ஒண்டை மாத்தினால் 12 டெராபைட் வாசிக்கவேணும். கணக்கு நீங்களே போடுங்கோ. 2007இல் அதே கிப்சன், பியாங்கா ஷ்ரோடரோட சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்க்குகளின் பதிவுகளை ஆராய்ந்தார். விவரத்தாள் சொல்லுறதைவிடக் கனக்க அடிக்கடி டிஸ்க்குகள் மாற்றப்படுவதும், ஒண்டு விழுந்தால் கிட்டடியில் இன்னொண்டும் விழ வாய்ப்புக் கூட எண்டதும் தெரிந்தது. ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குகிற ரெய்ட் 6 பரவினதுக்கு இந்தப் பயம்தான் காரணம்.

ரெண்டாவதும் விழுந்த பிறகு கூடுதலான நாசத்தைச் செய்வது அவசரப்பட்ட கைதான். திரையில் 'இனிஷியலைஸ்' எண்டு வந்தால் அமத்திவிடுவது. மீட்கிற வேலை தெரிந்த ஆக்கள் முதலில் டிஸ்க்குகளை எந்த வரிசையில் இருந்தது எண்டு இலக்கமிடுவினம். பிறகு டிடிரெஸ்கியூ மாதிரி மென்பொருளால ஒவ்வொண்டையும் வேற டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிகளை வைச்சுத்தான் அடுக்கைச் சேர்ப்பினம். முதல் விழுந்த டிஸ்க் இப்ப ஓடுது எண்டாலும் அதை நம்பக்கூடாது, அதில இருப்பது பழைய தரவு. கடைசியா விழுந்ததுதான் பெறுமதி.

இதெல்லாம் டிஸ்க் சாகிற கதை. 2023 ஓகஸ்ட் 26இல் லங்கா அரச கிளவுட்டில் நடந்தது வேறு. கப்பம் கேட்கிற நச்சு மென்பொருள் புகுந்து தரவைப் பூட்டியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அண்டைவரை வந்த மின்னஞ்சல்களுக்கு மீட்கக்கூடிய பிரதி இருக்கேல்லை. ரெய்ட்டுக்கு நல்ல தரவு, பூட்டின தரவு எண்ட வித்தியாசம் விளங்காது. எழுதினதை அப்படியே கவனமாக் காப்பாத்தும். அழிச்சால் அழிவையும் காப்பாத்தும். ஒரு டிஸ்க் பெட்டி வாங்கி வைச்சிட்டு 'எங்களிட்ட பக்கப் இருக்கு' எண்டு சொல்லுற ஆக்களுக்கு இது விளங்கவேணும் எண்டுதான் இவ்வளவும் எழுதுகிறோம்.

ஈழத்தமிழருக்கு இதைப் புதுசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981இல் யாழ் நூலகம் எரிஞ்சபோது 97,000 அளவிலான நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் போயின. அதில வேற எங்கயும் பிரதி இல்லாததுகளுக்கு எந்தப் பரிற்றியும் இல்லை. 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் எங்கட அச்சுப் பொருட்களை எண்ணிம வடிவில் சேர்க்கத் தொடங்கினது, பிரதி இருக்கவேணும் எண்ட அதே கவலையோட.

படப்பிடிப்பாளர் பீற்றர் குரோக் பிரபலமாக்கின ஒரு கணக்கு இருக்கு: மூண்டு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்டு வேற இடத்தில. எங்கட ஊரில பள்ளிக்கூட விழாப் படங்களோ கோயில் பதிவுகளோ வைச்சிருக்கிற ஆக்களுக்கு அந்த 'வேற இடம்'தான் சிக்கல். டிஸ்க் டச்சு பே பக்கத்து வீட்டில, பிரதி உப்புவெளியில எண்டால், 2004 டிசம்பர் 26 மாதிரி ஒரு காலைக்கு ரெண்டும் ஒரே இடம். மட்டக்களப்பும் கடலோரம்தான். வவுனியாவிலயோ கண்டியிலயோ தெரிஞ்ச ஆக்கள் ஆராவது இருக்கினமா எண்டு பாருங்கோ.