பட்டனை அமுக்கியாச்சு, ரியூ ஏன் இன்னும் குத்தல?

ஒரு செகண்டை 60 துண்டா வெட்டுங்க. ஒரு துண்டு சுமார் 16.7 மில்லி செகண்ட் வரும். அதுக்குப் பேர் ஃபிரேம். நீங்க ஒரு தடவை கண்ணை இமைக்கிறதுக்குள்ள இப்படிப் பல ஃபிரேம் ஓடிப்போயிடும். சண்டை கேம்கள்ல எல்லாக் கணக்கும் இந்த ஃபிரேம்லதான். குத்து வெளிய வர எத்தனை ஃபிரேம், அடி வாங்கினவன் சுதாரிக்க எத்தனை ஃபிரேம், இப்படி. ஆர்கேட் மெஷின்ல இந்தக் கணக்கைப் பழகின கை, அதே கேமை வீட்டு கன்சோல்ல ஆடும்போது ஏன் தடுமாறிச்சு? இன்னைக்குக் கதை அதுதான்.

1991-ல கேப்காம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-வை ஆர்கேட்ல இறக்குது. இன்னைக்கு எந்த சண்டை கேமுக்கும் உயிரா இருக்கிற ‘காம்போ’, அதாவது எதிராளி சுதாரிக்கிறதுக்குள்ள அடிமேல அடி கோக்குறது, இந்த கேம்ல யாரும் திட்டம் போட்டு வச்சது கிடையாது. காரை அடிச்சு நொறுக்குற போனஸ் ரவுண்டைச் சோதிக்கும்போது, நேரம் சரியா விழுந்தா நடுவுல கூடுதலா ஒரு அடி நுழையுதுன்னு தயாரிப்பாளர் நோரிடகா ஃபுனமிசு கவனிச்சார். அவ்ளோ துல்லியமா யார் ஆடப்போறாங்கன்னு நினைச்சு அதை நீக்காம விட்டுட்டாங்க. பசங்க கண்டுபிடிச்சுட்டாங்க. அன்னையிலிருந்து டைமிங்தான் இந்த கேம்.

1992-ல அது சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்தது. அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் பெரிய பிரச்சனை இல்ல, அங்க டிவி செகண்டுக்கு சுமார் 60 தடவை படம் வரையும். ஐரோப்பாவுல இருந்தது பிஏஎல் முறை. செகண்டுக்கு 50 தடவைதான். (நம்ம ஊர் பழைய கலர் டிவியும் அதே பிஏஎல்தான்.) டிவி ஒரு படம் வரைஞ்சா கேமும் ஒரு ஃபிரேம் நகரும்ங்கிற மாதிரிதான் அப்போ புரோகிராம் எழுதுவாங்க. அதை 50-க்கு ஏத்த மாதிரி மாத்தி எழுத நேரமும் காசும் வேணும். மாத்தல. அப்படியே கடைக்கு வந்துடுச்சு.

கணக்குப் போட்டுப் பாருங்க. 60 ஃபிரேம் ஓட 1 செகண்ட் ஆகணும், இங்க 1.2 செகண்ட் ஆகுது. மொத்த கேமும் சுமார் 17 சதவீதம் ஸ்லோ. பிஏஎல் டிவியில கோடுகள் அதிகம்ங்கிறதால படத்துக்கு மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை, நடுவுல ரியூ அமுங்கிப்போய் நிப்பார்.

கறுப்புப் பட்டையைக்கூட மன்னிச்சிடலாம். என்னைக் கேட்டா, உண்மையான கொடுமை வேற. லண்டன்ல ஒரு பையன் தெருமுனை ஆர்கேட்ல ஆடுறான், அங்க மெஷினுக்குள்ள இருக்கிறது அதே 60 கணக்கு. வீட்டுக்கு வந்து பயிற்சி பண்றான், அது 50 கணக்கு. வீட்டுல ஒவ்வொரு ஃபிரேமும் 20 மில்லி செகண்ட் நீளம்ங்கிறதால காம்போ சுலபமா விழும். சனிக்கிழமை ஆர்கேட்டுக்குப் போனா, கை லேட்டாப் போகும், அடி கோக்காது. காசு போட்டது வீண். கச்சேரிக்கு ஒரு காலப்பிரமாணத்துல சாதகம் பண்ணிட்டு, மேடையில மிருதங்கக்காரர் வேற வேகத்துல ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? அதேதான். விஷயம் தெரிஞ்ச சிலர் கன்சோலைத் திறந்து, 50-க்கும் 60-க்கும் மாத்துற ஒரு ஸ்விட்சை ஈயம் வச்சு ஒட்டினாங்க. இன்னும் சிலர் ஜப்பான், அமெரிக்க கன்சோலையே கூடுதல் விலை கொடுத்து வரவழைச்சாங்க.

இது வேகத்துல வந்த கோளாறு. ரெண்டாவது கோளாறு கண்ணுக்கே தெரியாதது. கேம் சரியான வேகத்துலதான் ஓடும், ஆனா நீங்க பட்டனை அமுக்குறதுக்கும் திரையில குத்து தெரியுறதுக்கும் நடுவுல இடைவெளி. அதுதான் இன்புட் லேக். வாட்ஸ்அப் கால்ல ரெண்டு பேர் சேர்ந்து பாட முயற்சி பண்ணிப் பாருங்க, உடனே புரியும்.

கம்பெனிகள் இதுக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க: ஆர்கேட் மெஷினையும் வீட்டு கன்சோலையும் கிட்டத்தட்ட ஒரே வன்பொருள்ல செய்யிறது. 1994-ல வந்த முதல் ‘டெக்கன்’ ஆர்கேட், பிளேஸ்டேஷனை அடிப்படையா வச்ச போர்டுலதான் ஓடிச்சு. சேகாவோட நயோமி போர்டும் ட்ரீம்காஸ்ட்டும் அதே மாதிரி ஒரே குடும்பம். 2000-ல வந்த ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’-வுக்கு, பின்னாடி வேற கன்சோல் பதிப்புகள் வந்தும், போட்டிகள்ல வருஷக்கணக்கா பழைய ட்ரீம்காஸ்ட்டையே தூக்கிட்டு அலைஞ்சாங்க. காரணம் இதுதான்.

ஏன் தூக்கிட்டு அலையணும், ஆர்கேட் மெஷின்லயே ஆட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. ஜப்பான்ல அப்படித்தான் ஆடினாங்க, அங்க கடைகள் இருந்தது. அமெரிக்காவுல ஆர்கேட் கடைகள் ஒவ்வொண்ணா மூடிட்டே வந்தது. சண்டை கேம்களோட பெரிய திருவிழாவான ஈவோ, 2004-ல ஆர்கேட் மெஷின்களை விட்டுட்டு கன்சோலுக்கு மாறிச்சு. பெரிய சண்டையே நடந்தது. பழைய ஆளுங்களுக்கு அது புல் தரையில ஆடின டென்னிஸை சிமென்ட் தரைக்கு மாத்தின மாதிரி. அவங்க கோபத்துல நியாயம் இருந்தது. ஆனா மெஷினே கிடைக்காத ஊர்ல இருந்தவங்களுக்கு அன்னைக்குத்தான் கதவு திறந்தது.

அடுத்த அடி டிவியிலிருந்து வந்தது. பழைய குண்டு டிவி, வர்ற சிக்னலை வந்த கையோட வரைஞ்சிடும். தட்டை டிவி, படத்தை உள்ள வாங்கி, அளவு மாத்தி, பாலிஷ் போட்டுத்தான் காட்டும். 50 மில்லி செகண்டுக்கு மேல, அதாவது 3 ஃபிரேமுக்கு மேல, தாமதிக்கிற டிவிகள் அப்போ சர்வசாதாரணம். 2009-ல ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ கன்சோலுக்கு வந்தப்போ அதுல சில காம்போக்களுக்குச் சரியா ஒரே ஒரு ஃபிரேம்தான் அவகாசம்! அதனால மானிட்டரைத் தேர்ந்தெடுக்கிறதே பெரிய விஷயமாச்சு. ஈவோவுல வச்சிருந்த ஆசூஸோட 23 இன்ச் சாதாரண மானிட்டர் ஒண்ணை, ‘ஈவோ மானிட்டர்’னு பேர் சொல்லியே ஆளுங்க தேடித்தேடி வாங்கினாங்க.

லேக் இருக்குன்னு சொன்னா, “தோத்துட்டு சாக்கு சொல்றான்”னு கிண்டல் பண்றது வழக்கம். அதனால ஆட்டக்காரங்க அளக்க ஆரம்பிச்சாங்க. பட்டனோட ஒரு சின்ன எல்ஈடி விளக்கை இணைச்சு, விளக்கும் திரையும் ஒண்ணாத் தெரியிற மாதிரி அதிவேக கேமராவுல படம் பிடிப்பாங்க. விளக்கு எரிஞ்சதிலிருந்து கேரக்டர் அசையிற வரைக்கும் எத்தனை படம்னு விரல் விட்டு எண்ணிடலாம். கம்பெனி சொல்லாத நம்பரை ரசிகர்களே எடுத்துட்டாங்க.

அந்த மாதிரி கூச்சலுக்கு பலனும் கிடைச்சது. 2015 மே மாசம் ‘அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4’ பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. லேக்ல ஆரம்பிச்சு சத்தம், படம்னு வரிசையா கோளாறு. ரெண்டு மாசத்துல ஈவோ. புது கன்சோலை ஓரமா வச்சுட்டு, 10 வருஷம் பழைய எக்ஸ்பாக்ஸ் 360-லதான் அந்த வருஷம் ஆடினாங்க.

அடுத்த வருஷமே வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’-ல இன்னொரு விசித்திரம். இது எதோட காப்பியும் இல்ல, நேரா பிளேஸ்டேஷன் 4-க்கும் பிசிக்கும் எழுதினது. அப்பவும் வெளியானப்போ அளந்தவங்களுக்குக் கிடைச்சது கிட்டத்தட்ட 8 ஃபிரேம் லேக். எதிராளி தலைக்கு மேல தாவி வர ஏறத்தாழ 40 ஃபிரேம் ஆகும்னு வைங்க. பார்த்துப் புரிஞ்சுக்கவே மனுஷனுக்கு 12, 13 ஃபிரேம் வேணும். அதுல இன்னும் 8 போனா, பார்த்து அடிக்கிறது குறையும், யூகிச்சு அடிக்கிறது கூடும். நிதானமா காத்திருந்து ஆடுறவங்களுக்குத்தான் இதுல அடி. பின்னாடி வந்த அப்டேட்கள்ல அதைக் குறைச்சாங்க.

இந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ ஜப்பான் ஆர்கேட் கடைகளுக்கும் போச்சு, 2019-ல. இந்தத் தடவை கன்சோல்தான் ஒரிஜினல், ஆர்கேட்தான் காப்பி.