219 வாக்குகள்: ஒரு கட்சி தனக்குள் விட்டுக்கொடுத்த கதை



காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துண்டு எடுத்து, வரிசையில் நின்று, மருந்து வாங்கி வருவது நமக்குப் பழகிப்போன விடயம். வரிசை நீளம் என்று குறை சொல்வோம். ஆனால் "முதலில் காசைக் கட்டு" என்று அங்கே யாரும் நம்மைக் கேட்பதில்லை. உலகின் பெரிய பணக்கார நாடான அமெரிக்காவில் அப்படியில்லை. அங்கே காப்புறுதி இல்லாதவருக்கு ஒரு சத்திரசிகிச்சையே வீட்டை விற்க வைத்துவிடும். 2010 அளவில் காப்புறுதி இல்லாதவர்கள் 45 மில்லியனுக்கும் அதிகம். அதாவது நம் நாட்டுச் சனத்தொகையைப் போல இரண்டு மடங்கு.

இதை மாற்ற ஜனநாயகக் கட்சி பல தசாப்தங்களாக முயன்றது. அந்த முயற்சி தோற்றதற்கு எதிர்க்கட்சி மட்டும் காரணமல்ல. 1971இல் குடியரசுக் கட்சி ஜனாதிபதி நிக்சனே ஒரு திட்டத்தை முன்வைத்தார். தொழில் வழங்குநர்கள் தம் ஊழியர்களுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது அது. அரசே நடத்தும் முழுமையான திட்டம்தான் வேண்டும் என்று நின்ற செனட்டர் எட்வர்ட் கென்னடி அதை ஏற்கவில்லை. பிற்காலத்தில் அதற்காக அவர் வருந்தினார். 1993-94இல் கிளின்டன் காலத்தில் இரு சபைகளிலும் பெரும்பான்மை இருந்தும், கட்சிக்குள்ளேயே ஆளுக்கொரு சட்டமூலம் வைத்துக்கொண்டு இழுபட்டார்கள். கடைசியில் எதுவுமே நிறைவேறவில்லை.

2009இல் ஒபாமா வந்தபோது இந்தப் பழைய காயம் எல்லாருக்கும் நினைவிருந்தது.

செனட்டில் 100 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் வேண்டும். ஜனநாயகக் கட்சியிடம் அதன் பக்கம் இருந்த இரு சுயேச்சைகளையும் சேர்த்துச் சரியாக 60 பேர்தான் இருந்தார்கள். எதிர்த்தரப்பில் ஒருவரும் வரத் தயாரில்லை. அதனால் 60 பேரில் ஒவ்வொருவரும் ஒரு பூட்டின் சாவியைக் கையில் வைத்திருந்தார்கள்.

கட்சியின் முற்போக்காளர்கள், தனியார் கம்பனிகளுக்குப் போட்டியாக அரசே நடத்தும் ஒரு காப்புறுதி வேண்டும் என்றார்கள். பிரதிநிதிகள் சபை 2009 நொவெம்பர் 7இல் 220க்கு 215 என்று நிறைவேற்றிய சட்டமூலத்தில் அது இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு விலை கொடுக்கப்பட்டிருந்தது. மிச்சிகனைச் சேர்ந்த பார்ட் ஸ்டூபக் தலைமையில் ஒரு குழுவினர், கருக்கலைப்புக்கு அரச பணம் போகக்கூடாது என்ற கடுமையான திருத்தத்தைச் சேர்த்த பிறகே ஆதரவளித்தார்கள். அந்தத் திருத்தத்தை வெறுத்த உறுப்பினர்களில் பெரும்பாலோரும், மூல விடயம் வீணாகக்கூடாது என்று வாக்களித்தார்கள்.

செனட்டில் நிலைமை இன்னும் கஷ்டம். சுயேச்சையான ஜோ லீபர்மன் அரச காப்புறுதி இருந்தால் வாக்கில்லை என்றார். அதற்குப் பதிலாக, 55 வயதானவர்கள் முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் காசு கட்டிச் சேரலாம் என்ற யோசனை வந்தது. அதையும் மறுத்தார். இரண்டும் கைவிடப்பட்டன. கடைசி வாக்கு நெப்ராஸ்காவின் பென் நெல்சனுடையது. கருக்கலைப்பு விடயத்தில் ஓர் உடன்பாடும், வறியோருக்கான மெடிகெய்ட் விரிவாக்கத்தில் தன் மாநிலத்துச் செலவை மத்திய அரசே ஏற்கும் என்ற விசேட சலுகையும் கிடைத்த பிறகு அவர் சம்மதித்தார். டிசெம்பர் 24 காலையில் 60க்கு 39 என்று நிறைவேறியது.

அதற்குள் இன்னோர் அடி விழுந்தது. கென்னடி 2009 ஓகஸ்டில் காலமாகியிருந்தார். அவருடைய ஆசனத்தை 2010 ஜனவரி 19இல் குடியரசுக் கட்சி வென்றது. 60 இப்போது 59 ஆனது. இனிப் பிரதிநிதிகள் சபை செனட்டின் சட்டமூலத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஏற்க வேண்டும். பிறகு வரவுசெலவு தொடர்பான திருத்தங்களை மட்டும் சாதாரணப் பெரும்பான்மையால் தனியாகச் செய்யலாம். அது தவிர வழியில்லை.

சபாநாயகர் நான்சி பெலோசி ஒவ்வொரு வாக்காகச் சேர்த்தார். ஒஹையோவின் டெனிஸ் குசினிச், சட்டம் போதாது என்பதற்காகவே நொவெம்பரில் எதிர்த்தவர். மார்ச் 17இல் அவர் மனம் மாறினார். ஸ்டூபக்குக்கு, அரச பணம் கருக்கலைப்புக்குச் செல்லாது என்று ஜனாதிபதியின் கட்டளை ஒன்று தருவதாக உறுதி கிடைத்தது. சட்டவிரோதக் குடியேறிகள் சொந்தக் காசிலும் புதிய காப்புறுதிச் சந்தையில் வாங்க முடியாது என்ற பிரிவு லத்தீன் அமெரிக்க வம்சாவளி உறுப்பினர்களுக்குக் கசந்தது. அவர்களும் வாக்களித்தார்கள். மார்ச் 21 இரவு 216 வாக்குகள் தேவைப்பட்டன. கிடைத்தவை 219. கட்சியின் 34 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள். இரண்டு நாளில் ஒபாமா கையொப்பமிட்டார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. எழுந்து போகத் தயாராக இருந்தவருக்கு அதிகம் கிடைத்தது. ஏழைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்று உண்மையாகத் தவித்தவர்தான் அதிகம் விட்டுக்கொடுத்தார். இது நியாயமில்லை. ஆனால் மேசையைச் சுற்றி உட்காரும் எல்லா இடத்திலும் இதுதான் நடக்கிறது, நம் ஊர்க் கூட்டங்கள் உட்பட.

விலையும் சிறியதல்ல. ஸ்டூபக்கை இரு தரப்பும் துரோகி என்றன. அவர் மீண்டும் போட்டியிடவில்லை. அந்த நொவெம்பரில் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 ஆசனங்களை இழந்தது.

ஆனால் சட்டம் நின்றது. ஏற்கெனவே நோய் உள்ளவரைக் கம்பனி மறுக்க முடியாது. பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்புறுதியில் இருக்கலாம். சில ஆண்டுகளில் ஏறக்குறைய 20 மில்லியன் பேர் புதிதாகக் காப்புறுதி பெற்றார்கள். 2012இல் உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்று தப்பியது. 2017இல் அதை நீக்க வந்த குடியரசுக் கட்சி தன் சொந்தச் செனட்டர்கள் மூவரின் வாக்கால் தோற்றது. இம்முறை பிளவு அந்தப் பக்கம்.

எல்லா விட்டுக்கொடுப்பையும் நாம் ஒரே தராசில் வைக்கக்கூடாது. நெல்சன் தன் மாநிலத்துக்கென்று வாங்கிய சலுகை நாடெங்கும் கண்டிக்கப்பட்டு, அதே மார்ச்சில் வந்த திருத்தத்தில் நீக்கப்பட்டது. குசினிச் தனக்கென்று எதையும் வாங்கவில்லை. தான் நம்பிய முழுத் திட்டத்தை ஒத்திவைத்து, பிறருக்குக் கிடைக்கவிருந்த பாதியைக் காப்பாற்றினார். இரண்டையும் "டீல்" என்ற ஒரே சொல்லால் சொல்லிவிட்டால் நாம் வரலாற்றைப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நம்மிடையே ஒருவர் ஓரடி பின்வாங்கினால் உடனே "விற்றுவிட்டார்" என்று பதிவு போடுகிறோம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அதற்கு முன் கேட்போம்: அவர் விட்டது எதை, வாங்கியது யாருக்காக? மஷூறாவில் உட்காருபவர் தன் சொல்லே முழுதாக நிற்க வேண்டும் என்று நினைத்தால், எழுந்து போகும்போது எல்லாருடைய கையும் வெறுங்கைதான். கென்னடி அதைப் புரிந்துகொண்டார். சட்டம் நிறைவேறியதைப் பார்க்கத்தான் அவர் இருக்கவில்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதுங்கள். பேசுவோம்.