லினக்ஸ் தொடக்கத்தில் வலையமைப்பு தானாக இயங்குதல்

லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில், கணினி தொடங்கும்பொழுதே வலையமைப்பு இணைப்பும் தானாக ஏற்படுத்தப்படுகின்றது. இணைப்புத் தேவைப்படாத கணினிகளில் இதனால் தொடக்கம் தாமதமாகலாம். தீச்சுவர் இயங்கும் முன்னரே இணைப்பு ஏற்படுமாயின் பாதுகாப்புக் குறையும் உண்டாகும். வலையமைப்பைத் தொடக்கக்கூடிய கூறுகள் பலவாதலால், ஒன்றை மட்டும் நிறுத்துவது பெரும்பாலும் போதுமானதன்று.

காரணங்கள்

டெபியன் வழி வந்த வழங்கல்கள் சிலவற்றில் 'இன்டர்ஃபேசஸ்' என்னும் அமைவடிவக் கோப்பு பயன்படுகின்றது. இதில் 'ஆட்டோ' எனத் தொடங்கும் வரி, தொடக்கத்தின்போதே இணைப்பை இயக்கும். 'அலவ்-ஹாட்பிளக்' எனத் தொடங்கும் வரி, வலையமைப்பு அட்டை கண்டறியப்பட்டவுடன் இயக்கும். எனவே முதலாவதை நீக்கி இரண்டாவதை விட்டுவைத்தால் சிக்கல் தொடரும்.

2004 இல் ரெட் ஹாட் நிறுவனம் தொடங்கிய நெட்வொர்க் மேனேஜரில், ஒவ்வோர் இணைப்புக்கும் 'ஆட்டோகனெக்ட்' என்ற பண்பு உண்டு. மாற்றப்படாதவிடத்து இதன் மதிப்பு 'ஆம்' ஆகும். இவையன்றி, கருவுக்கு அளிக்கப்படும் 'ஐபி' என்னும் அளவுரு, சேவைகள் எவையும் தொடங்கும் முன்னரே இணைப்பை ஏற்படுத்தக்கூடும்.

கண்டறிதல்

2010 இல் வெளியான சிஸ்டம்டி, பின்னர் பல வழங்கல்களின் தொடக்க முறைமையாயிற்று. இதன் 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' கட்டளை, ஒவ்வொரு சேவையும் தொடங்க எடுத்துக்கொண்ட நேரத்தைப் பட்டியலிடும். சேவைகள் பல ஒருங்கே தொடங்குவதால், பட்டியலில் முதலில் உள்ளதே தாமதத்திற்குக் காரணம் எனக் கொள்ளலாகாது. 'கிரிட்டிக்கல்-செயின்' கட்டளை எது எதற்காகக் காத்திருந்தது என்பதைக் காட்டும்.

சிஸ்டம்டி-நெட்வொர்க்டி பயன்படும் கணினிகளில், 'வெயிட்-ஆன்லைன்' சேவை இணைப்புக் கிட்டாதபொழுது இயல்பாக 120 வினாடிகள் வரை காத்திருக்கும். இச்சேவையை நிறுத்தினால் காத்திருப்பு மட்டுமே நீங்கும். வலையமைப்பு வழமைபோல் இயங்கும்.

நிறுத்துதல்

'சிஸ்டம்சிடிஎல் டிசேபிள்' கட்டளை, சேவையைத் தொடக்க வரிசையிலிருந்து நீக்குகின்றது. ஆயினும் வேறொரு சேவை அதனைச் சார்ந்திருந்தால் அது மீண்டும் தொடக்கப்படும். முடக்கப்பட்ட வலையமைப்பு மறுதொடக்கத்தின் பின் திரும்பவும் இயங்குவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும். 'மாஸ்க்' கட்டளை சேவையின் பெயரை 'நல்' என்னும் வெற்றுச் சாதனத்துடன் தொடுத்துவிடுவதால், 'அன்மாஸ்க்' செய்யும் வரை அதனை எவ்வழியிலும் தொடக்க இயலாது.

எச்சரிக்கை

தொலைவிலிருந்து மட்டுமே அணுகக்கூடிய வழங்கிகளில் இம்மாற்றங்களைச் செய்தால், மறுதொடக்கத்தின் பின் கணினியை அணுக வழியிராது. கோப்பு முறைமையை வலையமைப்பு வழியாகப் பெறும் கணினிகள் தொடங்காமலே போகலாம். ஆகவே சார்ந்துள்ள சேவைகளை முதலில் 'லிஸ்ட்-டிப்பென்டன்சீஸ்' கட்டளையின் 'ரிவர்ஸ்' தெரிவைக் கொண்டு அறிந்துகொள்ளுதல் வேண்டும்.